பதினேழு விநாடிக் கார்வை

1

இந்தக் கதை என் கையிலிருந்த ஒரு காலிக் கோப்பையில் தொடங்கியது. அது நடுங்கியது. என் கை நடுங்கவில்லை, கோப்பைதான். இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எத்தனையாவது கோப்பை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். எங்கள் பான்செவோவில் பாதி ஊர் மற்ற பாதியின் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நாள். குலதெய்வம் மாதிரியான வீட்டுப் புனிதரின் பண்டிகைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், கதவு திறந்திருக்கும். நான் ஐந்தாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு இறங்கி, தெசாங்கா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இடையில் நான்காம் மாடியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவனுடைய கதை இது.

அந்தக் கோப்பைக்கும் அதன் சொந்தக்காரிக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நேரில் சொன்னால் அக்கா "சரி சரி, இன்னொரு துண்டு மீன் எடு" என்பார். அதனால் எழுதுகிறேன்.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது:

"பனி பெய்துகொண்டிருந்தது. நான்காம் மாடி ஜன்னலில் ஒரு மனிதன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு —"

வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்து வளர்ந்ததில் என் வரைவுகளில் தானாகப் பனி பெய்துவிடுகிறது. அன்று தூறல்தான். எல்லோருடைய காலணியிலும் சேறு.

இரண்டாவது வரைவு:

"ஒலி என்பது காற்றின் நினைவு."

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவது:

"வெலிமிரின் சுரம் நான்கு விநாடியில் செத்துப்போனது."

இது நடந்தது. இங்கிருந்து போகலாம்.

(நேரில் நான் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் 'அவர்' என்று எழுதினால் அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். தலைக்குள் போக முடியவில்லை. கதை முடியும்வரை 'அவன்'. மன்னிக்கட்டும்.)

3

வெலிமிரின் சுரம் நான்கு விநாடியில் செத்துப்போனது.

பண்பாட்டு மன்றத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமை ஒத்திகை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வாசிக்கும் நான்கு பேர். வெலிமிருக்கு நாற்பத்தேழு வயது, பகலில் லிஃப்ட் மெக்கானிக். ஆர்கன் வாசிக்கும் கோஸ்தா பல் டாக்டர். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. அதன் கடைசியில் பாடகர் நிறுத்துவார், டிரம்ஸ் அடங்கும், கிட்டார் மட்டும் உச்சத்தில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எட்டுத் தாளவட்டம். பதினாறு விநாடி. அந்தப் பதினாறு விநாடிக்காகத்தான் முப்பது வருடத்துக்கு முன் அந்தப் பாட்டையே எழுதினார்கள். வசந்தகாலக் கச்சேரியில் அந்த இடத்தில் சுரம் பாதியில் செத்து, கோஸ்தா அவசரமாக ஆர்கனால் மூடினான். கைதட்டு கோஸ்தாவுக்குப் போனது.

"மச்சான், கோபிச்சுக்காதே," என்றான் கோஸ்தா. "நாலு விநாடி. எண்ணிட்டேதான் இருந்தேன்."

"வீட்ல பதினேழு போகுதுடா."

"வீட்ல நான்கூடத்தான் அருமையா பாடுவேன். குளிக்கிறப்ப."

"சத்தியமா. கடிகாரத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். பதினேழு."

"அப்போ ஒண்ணு பண்ணு. வீட்டைத் தூக்கிட்டு மேடைக்கு வா."

டிரம்ஸ்காரர் சிரித்து, வெலிமிரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பைக் குச்சிகளைத் துடைப்பதில் மறைத்துக்கொண்டார். கோஸ்தா குரலைத் தாழ்த்தினான். நோயாளியிடம் 'பல்லை எடுத்துடலாம்' என்று சொல்லும்போதும் அவன் குரல் அப்படித்தான் இறங்கும்.

"இருபத்தேழாம் தேதி கச்சேரியில நான் வலது கையைத் தூக்கி வச்சிருப்பேன். உன் சுரம் நின்னா கை இறங்கும். அப்படி இறங்கிச்சுன்னா அந்த இடம் இனிமே ஆர்கனோடது மாப்ளே. இந்த வருஷம் மட்டும் இல்ல. எப்பவும்."

"சரி" என்றான் வெலிமிர். வேறு என்ன சொல்வது?

இந்த வாத்தியக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுரம் செத்தால் எதையாவது மாற்றுவார்கள். வெலிமிர் ஆம்ப்ளிஃபயரின் வால்வுகளை மாற்றினான். தந்திகளைத் தடிமனாக்கினான். இன்னொரு பெடலைக் கோத்தான். சுரம் நீளவில்லை, பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. கிட்டாரின் உடம்பில் தந்திக்குக் கீழே இருக்கும் காந்தத் துண்டைத் திருகி மேலே ஏற்றினான். பக்கத்தில் இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைப்பு. காந்தம் தந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. நான்கு விநாடி மூன்றானது.

ஆனால் அதே கிட்டார், அதே ஆம்ப்ளிஃபயர், அதே விரல், வீட்டில் பதினேழு விநாடி. காந்தத்தை ஏற்றியபிறகும் பதினேழு. அவனால் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.*

* எனக்கும் புரியவில்லை. இந்த இடத்தில் கதையை இரண்டு வாரம் கிடப்பில் போட்டிருந்தேன்.

4

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரை உரக்க வைத்து அதன் எதிரே நின்றால், பெட்டியிலிருந்து புறப்படும் ஒலி அறையைச் சுற்றிவந்து தந்தியையே மறுபடி அசைக்கும். தந்தி அசைந்தால் ஒலி. ஒலி வந்தால் தந்தி அசையும். அந்தச் சுழல் பிடித்துக்கொண்டால் சுரம் சாகாது, உள்ளிருந்து பூத்துக்கொண்டே போகும். அதற்கு வேண்டியது சத்தம். நாற்பது குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் ஒருவனிடம் இருக்கக்கூடாத பொருளும் அதுதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவன் கீழே போய் தெசாங்கா அக்காவின் கதவைத் தட்டினான். அவர் கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருடம் கோப்பைகளை நகத்தால் தட்டித் தட்டி விரிசல் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர்.

"அக்கா, தினம் இருபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி போகாது."

"எத்தனை மணிக்கு?"

"நீங்களே சொல்லுங்க."

"மூணுலேர்ந்து அஞ்சு நான் படுப்பேன். அஞ்சுக்கு ரொட்டி வாங்கக் கிளம்பிடுவேன். அப்போ என்ன வேணா பண்ணிக்கோ. செவுத்தை இடிச்சாலும் சரி, எனக்கு என்ன?"

எங்கள் கட்டடத்தில் யாரும் நேரில் வந்து சண்டை போடுவதில்லை. குளிருக்கு வீடுகளைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய் எல்லா வீட்டு வழியாகவும் மேலிருந்து கீழ்வரை போகிறது. பிடிக்கவில்லையென்றால் கரண்டியால் அதில் இரண்டு தட்டு. 'போதும், நிறுத்து' என்று அர்த்தம். ஒன்றரை வருடத்தில் தெசாங்கா அக்கா ஒரு தடவைகூடத் தட்டவில்லை. வெலிமிர் அதற்காக ரொட்டிக் கடைக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

(இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. தினமும் ரொட்டி வாங்கப் போகிறவரை ஒரு நாள்கூட ரொட்டியோடு பார்க்காத ஆள் எப்படிப்பட்டவன்? கேட்டேன். "நான் லிஃப்ட் மெக்கானிக்குப்பா. நான் எதுக்குப் படியில நடக்கப்போறேன்?" என்றார். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.)

5

நிக்கோலா நாளன்று ஐந்து மணிக்கு வெலிமிர் ஆம்ப்ளிஃபயரைத் தொடவில்லை. போன வருடம் இந்த நாளில் அவன் ஊரிலேயே இல்லை. கீழே புனிதரின் மெழுகுவத்தி எரிகிறது. கூட்டம் குறைந்ததும் போய்த் தலைகாட்டிவிட்டு வரலாம் என்று சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கச்சேரிக்கு எட்டு நாள்.

ஐந்து பத்துக்கு மணி அடித்தது. வாசலில் தெசாங்கா அக்கா, சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்த கோதுமைத் தட்டோடு.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான்க்கா இருக்கேன். பண்டிகை வாழ்த்துக்கள்." சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான்.

"அப்புறம் ஏன் சத்தமே காணோம்? மணி அஞ்சு பத்து."

"உங்க வீட்ல மெழுகுவத்தி எரியுது. பாதிரியார் வந்து கும்பிட்டுட்டுப் போயிருக்காரு. நான் எப்படிக்கா போய்…"

"பாதிரியார் காலையிலயே போயாச்சு. நிக்கோலாவா? அவரு கப்பல்காரங்களுக்குக் காவல்டா. அவரு காது கேக்காத சத்தமா? இங்க பாரு, என் தங்கச்சி ரூஷிட்சா நீஷ்லேர்ந்து வந்திருக்கா. ஒன்றரை வருஷமா போன்ல கேட்டவ. இன்னிக்கு நேர்ல கேக்கணும்னு கடிகாரத்தைப் பாத்துட்டே உக்காந்திருக்கா."

வெலிமிரின் வாயில் கோதுமை அப்படியே நின்றது. "போன்லயா?"

"அலமாரி கிட்ட போனைப் பிடிச்சா நல்லாக் கேக்குது."

"நீங்க ரொட்டி வாங்கப் போவீங்கன்னு சொன்னீங்களே…"

"ரொட்டி நான் காலைல வாங்கிடுவேன். சாயங்கால ரொட்டியை யாரு தின்னுவா? வீட்ல இருக்கேன்னு தெரிஞ்சா நீ கூச்சப்பட்டுக் கம்மியா வாசிப்பே. அதான் சும்மா சொன்னேன்." தட்டை அவன் கையில் திணித்துவிட்டு அவர் இறங்கிப் போனார். படியில்தான்.

வெலிமிர் கொஞ்ச நேரம் கதவோரமே நின்றான். அவமானமா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்தான். அந்தச் சுரத்தை அடித்து, விரலை ஆட்டி, பிடித்தான்.

ஆறு விநாடி. செத்துப்போனது.

அவனுடைய வீட்டில். அதே அறையில். கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான். மறுபடி அடித்தான். ஆறு.

அப்போது குழாயில் இரண்டு தட்டு விழுந்தது.

ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. நான் மட்டும் இதைப் புனைந்து எழுதியிருந்தால் அவன் —

இல்லை, புனைய வேண்டாம். அவன் கோதுமைத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தான். முகம் வெளுத்திருந்தது. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், நானும் சேர்த்து.

"மன்னிச்சிடுங்க. நிறுத்திட்டேன்," என்றான்.

"யாருப்பா உன்னை நிறுத்தச் சொன்னா?" என்றார் ரூஷிட்சா. கையில் கரண்டி இன்னும் இருந்தது. "இன்னொரு தடவைன்னு தட்டினேன். போன்ல அவ்வளவு நீளமா வரும், இன்னிக்கு என்ன பாதியிலயே அத்துப்போச்சு?"

 வெலிமிர் அக்காவின் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லார் வீட்டிலும் இருக்கிற அலமாரிதான். கல்யாணத்துக்கு வந்த, கால் வைத்த படிகக் கோப்பைகள் இருபத்துநான்கும் வருடம் முழுக்க அதற்குள் வரிசையாக நிற்கும். புனிதரின் நாளன்று மட்டும் வெளியே வரும். இப்போது அலமாரித் தட்டுகள் காலி. முதுகுப் பலகைக்குப் பின்னால் சூடேற்றும் குழாய் ஒட்டிக்கொண்டு மேலே ஏறுவது தெரிந்தது. கோப்பைகள் மேசைமேல், கழுத்துவரை வைனோடு.

அக்காவும் அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த கோப்பையை நகத்தால் தட்டினார். நிறைந்த கோப்பை, 'டக்' என்றது. அதைக் குடித்துவிட்டு மறுபடி தட்டினார். அது பாடியது. வெலிமிருக்குத் தெரிந்த சுரம்.

"இதுங்கதான்," என்றார் மெதுவாக. "நீ அதைப் பிடிச்சதும் உள்ள இருக்கிறது எல்லாம் சேர்ந்து பாடும். நான் எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து கேப்பேன். நீ விட்டப்புறமும் பாடும்."

வெலிமிர் உட்கார்ந்தான். யாரோ அவன் முன்னால் பொரித்த கெண்டை மீனை வைத்தார்கள். அவன் தொடவில்லை.

"அப்போ பதினேழு என்னோடது இல்ல. பதினொண்ணு உங்க அலமாரியோடது."

(இயற்பியல் படித்த நண்பனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி பாடலாம், ஆனால் கான்கிரீட்டைத் தாண்டி மேலே கேட்காது என்றான். குழாய் வழியாக? "கதைக்கு வேணும்னா வச்சுக்கோ" என்றான். வைத்துக்கொள்கிறேன்.)

அவன் எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒத்திகை அறை, கோஸ்தாவின் வலது கை, இருபத்தேழாம் தேதி. ரூஷிட்சா உடனே ஒரு யோசனை சொன்னார்: "அதுக்கென்ன, கோப்பையைக் கழுவி உள்ள அடுக்கிடலாம். மறுபடி நீளமா வரும்."

"கச்சேரிக்கு அலமாரியை முதுகுல கட்டிட்டுப் போவானாடீ?" என்றார் அக்கா. பிறகு அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, இதுங்க வருஷத்துல ஒரு நாள் வெளிய வருது. மீதி நாள் முழுக்க சும்மா நிக்கும், தூசி துடைச்சு வைப்பேன். ஒன்றரை வருஷமா தினம் அதுங்களுக்கு ஒரு வேலை குடுத்தது நீ. நான்தான் உனக்கு நன்றி சொல்லணும். இப்போ மேல போ. இதுங்க இல்லாம வாசி. எவ்வளவு வருதோ வரட்டும். மீனைத் தின்னுட்டுப் போ."

தின்றுவிட்டுப் போனான்.

6

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இதுவரை வெலிமிரின் தலைக்குள் இருந்து சொன்னேன். இனி முடியாது. அவன் மேலே போனான். நான் மீனோடு கீழே இருந்தேன். எனக்குக் கேட்டது மட்டுமே என்னிடம் இருக்கிறது.

முதலில் சுரம். ஆறு விநாடி. நின்றது.

பிறகு காலடி. எங்கள் தலைக்கு மேல் ஒரு அடி, ஜன்னல் பக்கமாக.

சுரம். ஐந்து.

இரண்டு அடி, மறுபக்கம். தரை கிரீச்சிட்டது. சுரம். ஏழு, எட்டு. நின்றது.

 எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தோம், சுரம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ரூஷிட்சா கரண்டியால் குழாயை இரண்டு தட்டு தட்டினார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எங்கள் கட்டடத்தில் அந்தச் சத்தத்துக்கு அன்றோடு அர்த்தம் மாறிவிட்டது.

(பிறகு ஒருநாள் லிஃப்டில் வெலிமிர் அண்ணன் எனக்கு விளக்கினார்: ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து நின்று, அரையடி அரையடியாக நகர்ந்து, கிட்டாரின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தந்தி தானே அதிர ஆரம்பிக்கும் இடத்தைத் தேடவேண்டும். வால்யூமைக் கூட்டக்கூடாது, ஒரு மயிரிழை குறைக்கவேண்டும். காந்தத்தைப் பழையபடி இறக்கிவிட வேண்டும். "எல்லா அறையிலயும் அந்த இடம் இருக்குப்பா. ஆனா ஒவ்வொண்ணுலயும் வேற வேற எடத்துல. நான் ஒன்றரை வருஷமா நின்ன எடத்துலயே நின்னுட்டேன். தேடவே இல்ல. தேட வேண்டிய அவசியமே வரல, உங்க அக்கா புண்ணியத்துல.")

பிறகு நீண்ட அமைதி. ஒரே ஒரு அடி.

சுரம் வந்தது. இந்த முறை வேறு மாதிரி. தொடங்கும்போது மெல்லியதாக இருந்து, மூன்றாவது விநாடியில் தேய்வதற்குப் பதில் தடித்தது. ரூஷிட்சா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உரக்க எண்ணினார். "ஏழு… எட்டு… ஒம்போது…"

நான் அப்போதுதான் கோப்பையைக் காலி செய்திருந்தேன். அதன் காலைப் பிடித்திருந்த என் விரல்களில் ஒரு பூச்சி சிறகடிப்பது போல இருந்தது. கோப்பை நடுங்கியது. பிறகு பாடியது.

"அக்கா," என்றேன். "என்னோடது."

தெசாங்கா அக்கா எழுந்தே விட்டார். "குடிங்க! எல்லாரும் குடிங்க, காலி பண்ணுங்க, சீக்கிரம்!"

பன்னிரண்டு பேரும் தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தோம். வைன் சட்டையில் வழிந்தது. காலியான கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. ஒன்று, நான்கு, ஒன்பது. மேசையே பாடியது. அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மேலே அவன் நிறுத்தவில்லை. அவனுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாது.

நின்றபோது எல்லோரும் ரூஷிட்சாவைப் பார்த்தோம்.

"எவ்வளவு?"

அவர் கையில் காலிக் கோப்பை இருந்தது. "நானும் குடிச்சிட்டேனே," என்றார். "பதினொண்ணுல எண்ணுறதை விட்டுட்டேன்."

ஆக, அதில் அவன் பங்கு எவ்வளவு, எங்கள் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் எழுதுகிறவன், எனக்கு இந்தக் கணக்குத் தெரியாமலிருப்பது பிடித்திருக்கிறது. நான் நிறுத்திய பிறகும் எங்கோ கீழே ஒரு அலமாரியில் ஏதோ பாடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வரி எழுதுகிறேன். அந்த வீட்டுக்காரர் 'நிறுத்து' என்று இதுவரை குழாயைத் தட்டவில்லை. நன்றி.

7

முடிவு அ: சுரம் பதினாறு விநாடியையும் தாண்டிப் போகிறது, கோஸ்தா அழுகிறான். (பல் டாக்டர்கள் மேடையில் அழமாட்டார்கள். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ஒன்பதில் சாகிறது. கோஸ்தாவின் கை இறங்குகிறது. வெலிமிர் வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரைப் போர்வையால் மூடி, மறுநாள் ஐந்து மணிக்கு தெசாங்கா அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து — இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

முடிவு இ: எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இருபத்தேழாம் தேதி. பண்பாட்டு மன்றம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் தெசாங்கா அக்கா, பக்கத்தில் நான். அவர் மடியில் கைப்பை. கடைசிப் பாட்டுக்கு முன் அதைத் திறந்து, மேசைத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, அது எதுக்கு?"

"சும்மா இருடா. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

துணியைப் பிரித்தாரா இல்லையா என்று சொல்லமாட்டேன்.

பாடகர் நிறுத்தினார். டிரம்ஸ் அடங்கியது. கோஸ்தா வலது கையைத் தூக்கினான். வெலிமிர் எங்களுக்கு முதுகைக் காட்டி ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினான். அரையடி. இன்னும் அரையடி. யாரோ பின்வரிசையில் இருமினார்கள். அவன் கிட்டாரின் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, அந்தச் சுரத்தை அடித்தான்.

உங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு காலிக் கோப்பை இருக்கும். கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கிண்ணத்தைத் தொடாமல், காலை மட்டும் பிடித்து.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஐந்து. கோஸ்தாவின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது. நான் இங்கே எண்ணுவதை விடுகிறேன். நீங்கள் எண்ணுங்கள்.